கெட்டி உடம்புக்காரி

சரவணா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் காலையிலிருந்து இருட்டும்வரை ஊரையே நலமா என்று கேட்டுவிட்டு வருகிற டாக்டர் நீ. உன்னிடம் போய் நானும் அதையே கேட்டால் ஃபீஸ் கேட்பாய். அதுவும் ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிறவனை என்னவென்று சொல்வது? எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் நான். மூன்றாவது தடவை திருத்தியவர் பரிதாபப்பட்டுப் பாஸ் போட்டதால் புனே பக்கம் தேஹு ரோடு மிலிட்டரி டெப்போவில் பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்தேன். சர்வீஸ் முழுவதும் மரப்பெட்டிகளின் மேல் ஸ்டென்சில் அடித்ததைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழகவில்லை. அப்படிப்பட்ட ஆள் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், வாயால் சொல்ல முடியவில்லை என்றுதான் அர்த்தம். நேரில் உட்கார்ந்தால் ஏதாவது வேடிக்கை பேசி மழுப்பிவிடுவேன். வேடிக்கை பேசாவிட்டால் அழுதுவிடுவேன். இரண்டுமே உனக்குப் பிடிக்காது.

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று தெரியும். பரவாயில்லை, இது வேகமாகப் படிக்க வேண்டிய விஷயம் இல்லை. தேவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. அவள் கோயம்புத்தூர்ப் பெண், கடகடவென்று படித்துவிடுவாள். படித்துவிட்டு மாமனாரை மரியாதையாக ஒரு பார்வை பார்ப்பாள், அதைத் தாங்குகிற வயது எனக்கு இல்லை. ஏதாவது வார்த்தை புரியாவிட்டால் அதை மட்டும் அவளிடம் கேட்டுக்கொள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை. உன் கிளினிக்கின் மூலை நாற்காலியில் வழக்கம்போல மராத்திப் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் படிப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். நான் படம் பார்க்கிறேன். உன் அறைக்கும் வெளியே இருக்கிற பெஞ்சுக்கும் நடுவில் ஒரு ப்ளைவுட் தடுப்புதான். உள்ளே நீ பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கும். ரிட்டயர் ஆனவனுக்கு இதைவிட நல்ல ரேடியோ கிடையாது. அன்றுவரை அதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு இருந்த பெருமையை நான் உன்னிடம் சொன்னதில்லை. மகர்பட்டாவில் இத்தனை டவர்கள், அதில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற இத்தனை பேர், எல்லோரும் என் மகன் முன்னால் வந்து நாக்கை நீட்டுகிறார்கள். பெட்டி கட்டினவனுக்கு வேறு என்ன வேண்டும்?

முதலில் வந்தவர் டவரில் இருக்கிற நம் சென்னைக்காரர், சின்னப் பையனோடு. பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான், மற்றபடி பெஞ்சின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டும் இருந்தான். "சாதாரண சளிதான் சார், தானா போயிடும்" என்றாய். "இல்ல டாக்டர், வியாழக்கிழமை இவனுக்கு ஸ்கூல்ல ஆன்யுவல் டே. டான்ஸ்ல இவன்தான் சூரியன். போன தடவை ஒரு பிங்க் சிரப் குடுத்தீங்களே, அதையே எழுதிடுங்க." "அது ஆன்டிபயாட்டிக் சார். சளிக்கு அது வேலை செய்யாது." "எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதான் குழந்தைங்களுக்குக் குடுக்கறாங்க. நீங்க யோசிக்கறீங்கன்னா பரவால்ல, நான் எதிர்த்தாப்புல இருக்கிற டாக்டர்கிட்ட காட்டிக்கறேன்." நீ பேப்பரை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு எழுதினாய். கோர்ஸை நடுவில் நிறுத்தக் கூடாது, பாட்டிலை முழுசாக முடிக்க வேண்டும், எந்த வேளைக்கு எத்தனை மில்லி என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். சூரியனுக்கே ஆன்டிபயாட்டிக் கொடுத்தவன் என் மகன் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அடுத்து வந்தவள் சுனிதா. அப்போது எனக்குப் பெயர் தெரியாது. உனக்கு இன்னமும் தெரியுமோ என்னவோ. டவர்களுக்குப் பின்னால் புதிதாக எழும்புகிற கட்டடத்தில் கல் சுமக்கிற பீகார்க்காரப் பெண். இருபதைத் தாண்டியிருப்பாள், அவ்வளவுதான். புருஷனோடு வந்திருந்தாள். வலது கையை இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கமாக வைத்து அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அந்தக் கை இருந்த இடத்தைப் பார்த்ததும் என் பேப்பர் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. உள்ளே புருஷன்தான் பேசினான். "புகார் ஹை சாப். கமர் மே தர்த்." காய்ச்சல், இடுப்பு வலி. அவளிடம் நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சுமை தூக்கறவதானே" என்று ஹிந்தியில் அவனிடம்தான் கேட்டாய். டிராயர் திறந்தது. கத்திரியால் மாத்திரை அட்டையை நறுக்குகிற சத்தம் கேட்டது. "தோ தின் கா ஹை. டீக் ஹோ ஜாயேகா." இரண்டு நாளைக்கு, சரியாகிவிடும். எல்லோரிடமும் வாங்குவதில் பாதிதான் அவர்களிடம் வாங்கினாய். இரண்டு பேரும் உன்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "ஏன்டா, அந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் ஒண்ணும் எழுதலியா?" "எந்தப் பொண்ணுப்பா?" "இடுப்பப் புடிச்சிக்கினு வந்துச்சே." "ஓ, அந்த பீகார் லேடியா? எழுதினா போகமாட்டாங்கப்பா. அன்னிக்குக் கூலி போயிடும். முழு கோர்ஸ் எழுதினாலும் வாங்க மாட்டாங்க, வாங்கினாலும் பாதியில நிறுத்திடுவாங்க. அதான் கையில இருக்கறதக் குடுத்து அனுப்பிடறது. அவங்க உடம்பெல்லாம் கெட்டிப்பா. நம்ம மாதிரி இல்ல, தாங்கும்." எனக்குப் புரையேறியது. நீ எழுந்து வந்து முதுகில் தட்டிக்கொடுத்தாய், தண்ணீர் எடுத்துக் கொடுத்தாய். "மெதுவா சாப்பிடுப்பா, என்ன அவசரம்?" என்றாய். மிளகாய் என்று சொன்னேன். அன்றைக்கு நாம் சாப்பிட்டது தயிர்சாதம்.

நீ கெட்டவன் இல்லை. பாதி ஃபீஸ் வாங்குகிறவன் கெட்டவனாக இருக்க முடியாது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அம்மாவும் ஒரு நல்ல டாக்டரின் கையால்தான் போனாள். அவள் போன மாதிரி இன்னொருத்தி உன் கையால் போய்விடக் கூடாது. இந்தக் கடிதத்தில் நான் கேட்பது அது ஒன்றுதான்.

நம் தேஹு ரோடு டாக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும். பஜாரில், வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கிளினிக். மராத்திக்காரர், எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. காதில் ஸ்டெதாஸ்கோப் இருக்கும்போதே பாட்டு முணுமுணுப்பார், அது நம் நெஞ்சில் கேட்கிறதா அவர் வாயில் வருகிறதா என்று சந்தேகமாக இருக்கும். டெப்போ டிஸ்பென்சரிக்குப் போனால் அரை நாள் லீவு போட வேண்டும். இவரிடம் மாலையில் போய்விட்டு வரலாம். அதனால் டெப்போ குவார்ட்டர்ஸ் லைனில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனையும் அவரிடம்தான். அவரிடம் மருந்து கொடுக்கிற வழி இரண்டு இருந்தது. ஒன்று பொட்டலம். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி ஜாடிகளில் மாத்திரைகள் கொட்டிக் கிடக்கும், கம்பவுண்டர் கையால் எண்ணிப் பழைய காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். இன்னொன்று சீட்டு. பெயர் அச்சடித்த தாளில் டாக்டர் எழுதித் தருவார், மெடிக்கல் ஷாப்பில் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆபீசர் பங்களாக்காரர்களுக்குச் சீட்டு, நமக்குப் பொட்டலம். யாரும் இப்படி எழுதிப் போட்டு மாட்டவில்லை. ஆனால் வாசலில் செருப்பு விடும்போதே யாருக்கு எது என்று எங்களுக்குத் தெரியும்.

இதில் எங்களுக்கு வருத்தமே இல்லை, அதுதான் வேடிக்கை. லைனில் நாங்கள் இதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தோம். பொட்டலம் கொடுத்தால் சின்ன வியாதி. சீட்டு எழுதினால் பெரிய வியாதி. எப்போதாவது நம்மாள் ஒருவருக்கு டாக்டர் சீட்டு எழுதிவிட்டார் என்றால் லைன் முழுவதும் பரவிவிடும். பக்கத்து வீட்டு ராஜம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "சீட்டா எழுதிட்டாரு? அய்யோ பாவம், புள்ளைங்க சின்னதாச்சே" என்பாள். அதனால் டாக்டர் பேனாவை எடுத்தாலே எங்கள் ஆட்கள் கையெடுத்துக் கும்பிட்டு, பொட்டலமே கொடுங்கள் சாப் என்பார்கள். பொட்டலத்தோடு வெளியே வந்தால் பிழைத்துவிட்ட சந்தோஷம்.

டாக்டருக்கும் எங்களைப் பற்றி ஒரு எண்ணம் இருந்தது. "அரே, தும் மதராஸி லோக் படே மஸ்பூத் ஹோதே ஹோ" என்பார். மதராஸிகள் உடம்பு கெட்டி. ரசத்தைக் குடித்துவிட்டு இரண்டு நாளில் எழுந்து டெப்போவுக்குப் போய்விடுகிறீர்கள், இந்தப் பங்களா ஆட்களுக்குத் தும்மல் வந்தால் பத்து நாள் மருந்து என்று சிரிப்பார். அதைக் கேட்டு எனக்கு எப்படி இருக்கும் என்கிறாய்? மார்பு இரண்டு இஞ்ச் விரியும். என் மார்பு விரிவதற்கே இடம் இல்லாத மார்பு, இருந்தாலும் விரியும். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்லுவேன், டெப்போவில் டீ குடிக்கும்போது சொல்லுவேன். இத்தனை பெரிய டாக்டரே சொல்லிவிட்டார், நாம் இரும்பு. எங்களைத் திட்டியிருந்தால் நாங்கள் சண்டை போட்டிருப்போம். புகழ்ந்துவிட்டார். புகழ்ச்சியோடு என்ன சண்டை போடுவது?

உன் அம்மா அந்த நாளில் ஆபீசர் வீடுகளுக்கு ப்ளவுஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு மேஜர் வீட்டு அம்மாள், டெல்லிப் பக்கத்துக்காரி. நல்ல மனசு. தலைவலித்தாலும் கேப்சூல் சாப்பிடுவாள், பாதியில் சரியாகிவிட்டால் மீதி அட்டையைப் பழைய புடவையோடு சேர்த்து வேலைக்காரிக்குக் கொடுத்துவிடுவாள். நீ ஒன்பதாவது படித்த வருடம், மழை முடிகிற சமயத்தில், அந்த அம்மாளுக்கு ஒரு உபாதை வந்தது. மகனுக்கு எழுதக் கூசுகிறது, ஆனால் நீ தினமும் பார்ப்பதுதான். நீர் பிரியும்போது எரிச்சல், காய்ச்சல். டாக்டர் அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி, எல்லாம் விசாரித்து, மூத்திரப் பரிசோதனைக்கு அனுப்பி, ரிசல்ட் வந்த பிறகு பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். மருந்து முடிந்ததும் மறுபடியும் வரச் சொன்னார். உன் அம்மா அளவு எடுக்கப் போனபோது அவளே இதையெல்லாம் சொல்லியிருக்கிறாள். உன் அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னாங்க, எனக்கும் அதே எரிச்சல்தான் நாலு நாளா. நான் பாட்டுக்கு மிஷின் மிதிச்சிக்கினு கெடக்கறேன். அவங்க உடம்பு பூவாட்டம். பத்து நாள் மருந்தாம், டெஸ்ட்டாம்."

அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். வரிசையில் எல்லோருக்கும் முன்னால் டாக்டர் என்ன என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் அவள் எப்படிச் சொல்லுவாள்? என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் தைரியம் வந்துவிடுமா? காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கம்பவுண்டரைப் பார்த்து விரலால் ஜாடியைக் காட்டினார். இரண்டு நாள் பொட்டலம். இரண்டு நாளில் அவள் எழுந்துவிட்டாள், எரிச்சலும் போய்விட்டது. கெட்டி உடம்புக்காரி என்று நான் கேலி செய்தேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் வந்தது. மறுபடியும் பொட்டலம், அதே ஜாடி. இந்தத் தடவை முழுசாகப் போகவில்லை. இடுப்புக்கு மேலே கையை வைத்துக்கொண்டே தைத்தாள். தீபாவளி வேலை நிறைய இருந்தது.

மூன்றாவது தடவை நான் கூச்சத்தை விட்டுவிட்டு, மேஜர் வீட்டு அம்மாளுக்கு வந்த அதே வியாதி சாப், என்று சொன்னேன். இது உனக்குத் தெரியாத இடம் சரவணா, இங்கே நிதானமாகப் படி. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அச்சடித்த தாளை இழுத்தார், பேனா மூடியைக் கழற்றினார், "டெஸ்ட் லிக் தேதா ஹூம்", டெஸ்ட் எழுதித் தருகிறேன், என்று சொல்லிக்கொண்டே உன் அம்மாவின் பெயரைக் கேட்டார். அவள் பயந்துபோய்விட்டாள். "இன்னாத்துக்குங்க சீட்டு? எனக்கு ஒண்ணும் பெரிய வியாதி இல்லன்னு சொல்லுங்க" என்று என் சட்டையைப் பிடித்தாள். பிறகு எனக்காகக் காத்திருக்காமல் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் அவரிடமே சொன்னாள்: "சீட்டு நக்கோ சாப். புடி தே தோ." சீட்டு வேண்டாம், பொட்டலமே கொடுங்கள். டாக்டர் சிரித்தார். "இவங்களுக்குப் புடி மேலதான் நம்பிக்கை" என்று கம்பவுண்டரிடம் மராத்தியில் சொல்லிவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் நான் இத்தனை வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன். அந்த மேஜர் வீட்டு அம்மாள் சீட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் பேனாவை மூடியிருப்பாரா? ஏன் வேண்டாம் என்று கேட்டிருப்பார். உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருப்பார். உன் அம்மாவுக்கு அந்த நாலு வார்த்தையைச் செலவழிக்க அவருக்குத் தோன்றவில்லை. கோபத்தால் இல்லை, காசுக்காக இல்லை. இவர்கள் இப்படித்தான், இவர்களுக்கு இது போதும் என்று அவர் நிம்மதியாக நம்பினார். அதுவும் அவள் நல்லதுக்கே என்று நம்பினார்.

மீதி உனக்குத் தெரியும். குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, டெப்போ வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த சின்ன வயது லேடி டாக்டர் இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் எனக்குத் தமிழில் சொன்னது யார்? நீதான், ஸ்கூல் யூனிஃபார்மோடு. கிட்னியிலிருந்து ரத்தத்தில் ஏறிவிட்டது என்றாய். அரைகுறையாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அந்தக் கிருமிக்கு மருந்து பழகிவிட்டது என்றாய். முதலிலேயே டெஸ்ட் எடுத்துச் சரியான மருந்தை முழுசாகக் கொடுத்திருந்தால், என்று ஆரம்பித்தாய், அதற்கு மேல் உனக்குச் சொல்ல வரவில்லை. அந்த வயதில் ஒரு பையன் தன் அம்மாவின் சாவைத் தன் அப்பனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நான் அந்த இங்கிலீஷைக் கோட்டை விட்டதற்கு அன்றைக்கு அழுததுபோல ரிசல்ட் வந்த நாளில்கூட அழவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு நம் டாக்டர் வீட்டுக்கு வந்தார். கூடத்தில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதார். உண்மையாகவே அழுதார். "அண்ணி ஒரு தடவையாவது வலிக்குதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா? எவ்வளவு பொறுத்துக்கிட்டாங்க" என்றார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். நீ மட்டும் உள்ளே போய்விட்டாய். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாய், "அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான் படிச்சு டாக்டராவேன்" என்று. நீ ஆகிவிட்டாய். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நீ ஒன்றைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவருக்குத் தெரியாமல் இல்லை. அதே மாதத்தில், அதே வியாதிக்கு, இன்னொருத்திக்கு எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர் அவர். படிப்பு இருந்தது. யாருக்கு அதைச் செலவழிக்கலாம் என்பதில்தான் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. உன்னிடமும் அவரைவிட அதிகப் படிப்பு இருக்கிறது, சுவரெல்லாம் மாட்டியிருக்கிறாய். அதனால்தான் அன்றைக்குத் தயிர்சாதத்தில் எனக்குப் புரையேறியது. நம்ம மாதிரி இல்ல என்றாயே, அதில் நம்ம என்பது யாரடா? நாம் எப்போது டவருக்குக் குடிவந்தோம்?

டவர்க்காரர்களுக்கு அதிகமாகக் கொடுக்கிறாய் என்று சொல்லவரவில்லை. அதைச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் வேண்டாத இடத்தில் அந்தச் சூரியனுக்கு முழு பாட்டில் போனது, வேண்டிய இடத்தில் அட்டையை நறுக்கினாய். இரண்டு தடவையும் நீ வியாதியைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தாய். ஒருவர் எதிர் டாக்டரிடம் போய்விடுவார் என்று பயந்தாய். இன்னொருத்தி எங்கேயும் போகமாட்டாள் என்று உனக்குத் தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமை, தேஹு ரோட்டில் பழைய சிநேகிதர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, அது பொய். டவர்களுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைகளுக்குப் போனேன். தண்ணீர் டேங்கரில் குடம் வைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் இப்படி இப்படி ஒரு பெண் என்று கையை இடுப்பில் வைத்துக் காட்டினேன். கிழவனுக்கு இடுப்பு வலி என்று நினைத்து அவர்கள் எனக்கு உட்கார ஒரு செங்கல்லைக் கொடுத்தார்கள். கடைசியில் ஒருத்தி கொட்டகையைக் காட்டினாள். உள்ளே அவள் கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தாள். நீ கொடுத்தது முடிந்துவிட்டது. முதல் நாள் கொஞ்சம் தேவலாம் என்று மறுபடியும் கல் சுமக்கப் போயிருக்கிறாள். அவள் புருஷனைச் சாரத்திலிருந்து இறங்கச் சொல்லி, ஆட்டோ பிடித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். "நீங்க யார் அவங்களுக்கு?" என்று அங்கே கேட்டார்கள். டாக்டரின் அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமனார் என்று சொல்லிவிட்டேன். என் ஹிந்தியைக் கேட்டுவிட்டு அந்த நர்ஸ், "பீகார்ப் பொண்ணுக்கு மதராஸி சசுரா?" என்று வார்டுக்கே கேட்கும்படி சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வார்டில் எனக்குப் பெயரே சசுர்ஜி.

பிழைத்துக்கொண்டாள் சரவணா. பயப்படாதே, பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அங்கேயும் ஒரு டாக்டர் ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தின் மீதி எனக்கு மனப்பாடம் என்பதால் வெளியே போய்விட்டேன். இந்தத் தடவை அதை எனக்கு மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

எழுந்து உட்காருகிற அளவுக்குத் தேறிய அன்று அவள் என்னிடம் பேசினாள். உன் கிளினிக்கில் மூலை நாற்காலியில் என்னைப் பார்த்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. "நீங்க அந்த டாக்டர் சாபோட அப்பாதானே? ரொம்ப நல்லவர். எங்ககிட்ட பாதிதான் வாங்கினார். ஊர்ல எங்களை யாரு இப்படிப் பார்ப்பாங்க?" என்றாள். அவளுடைய ஹிந்தி எனக்குப் பாதிதான் புரியும், ஆனால் இது முழுசும் புரிந்தது. உன் அம்மாவும் கடைசி நாளில் அந்த டாக்டரை இப்படித்தான் நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லட்டும் அவளிடம்? ஆமாம் அம்மா, என் மகன் நல்லவன்தான், என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அந்த ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து நான் அழுததைப் பார்த்து, வருகிறவர் போகிறவரெல்லாம் என் மருமகள் போய்விட்டாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நீ உடைந்துபோக வேண்டும் என்று இதை எழுதவில்லை. உன்மேல் கோபமாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன், சண்டை போட்டிருப்பேன். அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிற வேலையெல்லாம் வேண்டாம். அவளுக்கு அதெல்லாம் பிடிக்காது, சிரித்துவிடுவாள். இருக்கிறவளைப் பார்.

நாளைக்கு சுனிதாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாத்திரை இன்னும் நிறைய நாளைக்குச் சாப்பிட வேண்டுமாம். நடுவில் மூத்திரப் பரிசோதனை ஒன்று எடுத்துப் பக்கத்தில் இருக்கிற டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வேறு யாரிடமும் போகமாட்டாளாம், உன்னிடம்தான் வருவாளாம். வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு நான் கிளினிக்குக்கு வரமாட்டேன், தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு காது இருக்கிறது என்பதற்காக நீ எதையும் செய்யக் கூடாது. புருஷனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடமே கேள். உன் டவர்க்காரர்களிடம் கேட்பாயே, அத்தனையும் கேள். ஆனால் அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்கு இப்போதே தெரியும். எனக்குச் சரியாகிவிட்டது சாப், டெஸ்ட் வேண்டாம், மாத்திரை போதும், நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும் என்பாள். வேண்டாம் என்றுதான் சொல்லுவாள். அதற்குப் பிறகு நீ அவளிடம் பேசுகிற நாலு வார்த்தைக்காகத்தான் உன்னைப் படிக்க வைத்தேன்.

அப்பா